வடக்குத் தீவுக்குக் கார் ஓட்டிப்போன ஒட்னி

ஒட்னிக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து முப்பத்தாறு வருடமாகிறது. அந்த முப்பத்தாறு வருடத்தில் ஐந்தாவது கியரை அவள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. எங்கள் தீவில் அதற்கு வேலை இல்லை. வீட்டிலிருந்து மீன் தொழிற்சாலைக்கு நாலு நிமிடம், அங்கிருந்து கடைக்கு மூன்று நிமிடம். தெற்கு முனைவரைக்கும் போகலாம் என்று கிளம்பினாலும் வண்டி வேகம் எடுப்பதற்குள் கடல் வந்துவிடும்.

அக்கரைக்குப் போகிற நாட்களில் அவள் கணவன் இங்வி ஓட்டுவான். ஒட்னி பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் போடுவாள். அக்கரை என்றால் ஐஸ்லாந்து. அதை நாங்கள் வடக்குத் தீவு என்போம். அவர்கள் எங்களைத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அவர்கள் வடக்கே இருக்கிற, அளவில் கொஞ்சம் பெரிய இன்னொரு தீவு. அவ்வளவுதான்.

மே மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலை, அந்த வடக்குத் தீவின் கரையில் படகிலிருந்து தன் நீலக் காரோடு இறங்கியபோது ஒட்னி தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் அவள் நாட்டின் மறுகோடியில், வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் ஹ்வம்முர் என்ற சின்ன சர்ச்சில் நிற்க வேண்டும்.

காரணம் ஸ்வலா. ஒட்னியின் தங்கை இறந்தபோது அவள் மகள் ஸ்வலாவுக்கு ஒன்பது வயது. பிள்ளையில்லாத ஒட்னியின் வீட்டில்தான் வளர்ந்தாள். பிறகு கோல்பெய்ன் என்ற ஆடு வளர்ப்பவனைப் பிடித்துப்போய் அவனோடு வடக்கே போய்விட்டாள். இப்போது ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. ஞானஸ்நானம் வரைக்கும் எங்களிடம் பிள்ளையின் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும் தெரியும். அன்றைக்குப் பிள்ளையை ஒருவர் ஏந்தி நிற்பார். பாதிரியார் அவரைப் பார்த்து, “இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?” என்று கேட்பார். ஏந்தியவர் வாயிலிருந்துதான் அந்தப் பெயர் முதன்முதலாக ஊருக்குள் வரும். ஸ்வலா அதற்கு ஒட்னியைக் கேட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் போவதாகத்தான் ஏற்பாடு. வசந்தத்தின் நடுவில் எங்கிருந்தோ ஒரு பனிப்புயல் மேற்கே வந்து உட்கார்ந்துகொண்டது. விமானங்கள் நின்றன. வடக்கே போகும் மேற்குப் பாதையை மலைமேல் மூடிவிட்டார்கள். இழுவைப் படகில் கடலுக்குப் போயிருந்த இங்வியிடம் ஒட்னி போனில் சொன்னாள்.

“எப்பத் திறப்பாங்களாம்?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள திறந்தாலும் திறக்கலாமாம். அந்த ‘லாம்’மை நம்பி நான் உட்கார்ந்திருக்க முடியாது. கிழக்கால சுத்திப் போறேன்.”

இயந்திரச் சத்தத்துக்கு மேலே இங்வி கத்தினான்.

“ஒட்னி, அது நாட்டையே சுத்தறது.”

“முக்கால்வாசிதான்.”

“நீ தெற்கு முனைக்குப் போனாலே ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிப்ப.”

“இப்பவும் அப்படித்தான் பிடிக்கப் போறேன்.”

“கோல்பெய்னோட அம்மா யோரூன் அங்கயே இருக்கா. அவ ஏந்தட்டுமே.”

“ஸ்வலா அவளையா கேட்டா?”

இங்விக்கு ஒட்னியைக் கட்டி முப்பது வருடம் ஆகிறது. அவன் அதற்குமேல் வாதாடாமல், “அஞ்சாவது கியர் வலது பக்கம், மேல,” என்றான். “கிளட்ச்சை முழுசா மிதி. காத்துக்கு எதிரா நிறுத்தாம கதவைத் திறக்காத.”

ஒட்னிக்குத் தொழிற்சாலையில் காட் என்ற கடல்மீனில் முள் எடுக்கும் வேலை. பதினாறு வயதிலிருந்து அதே மேசை. புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் குவிந்திருக்கும் தொட்டியைப் பார்த்து மலைத்துப்போவார்கள். ஒட்னி தொட்டி இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டாள். கையில் ஒரு மீன் இருக்கிறது, அதில் ஒரு வரிசை முள் இருக்கிறது, அவளுக்கு அது போதும். அன்று காலை வரைபடத்தை மடித்துப் பின்சீட்டில் போட்டாள். அடுத்த பாலம் எதுவோ அதுவரைக்கும் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டாள்.

பாலங்கள்தான் முதலில் அவளைச் சோதித்தன. தெற்குக் கரையில் பனியாற்றுப் பாலங்கள் பல ஒற்றை வண்டி அகலம். யார் முதலில் நெருங்குகிறாரோ அவருக்கு வழி. எதிரே இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளி தெரிந்தால்கூட ஒட்னி நின்றுவிடுவாள். அந்தப் புள்ளி வெளிநாட்டார் ஓட்டும் வாடகை வேனாக இருந்தால் அதுவும் நின்றுவிடும். இரண்டு பக்கமும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, நீ போ, இல்லை நீ போ என்று நிற்பார்கள். நாலாவது பாலத்தில் பின்னால் வந்த பால் லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“வண்டி கெட்டுப்போச்சா?”

“இல்ல. அவங்களுக்கு வழி விடறேன்.”

“அவங்க உனக்கு வழி விட்டு அஞ்சு நிமிஷமாச்சு. பால் தயிராகறதுக்குள்ள ரெண்டுல ஒருத்தர் போங்க.”

ஒட்னி போனாள். அதற்குப் பிறகு எந்தப் பாலத்திலும் தேவையில்லாமல் நிற்கவில்லை.

கறுப்பு மணல்வெளியில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. மணல் தரையோடு தரையாக ஓடி ரோட்டைக் கடந்தது. ஓரத்தில் ஒரு வாடகைக் கார் கதவு பின்பக்கமாக மடங்கிப்போய் நின்றது. அதன் பக்கத்தில் ஓர் இளம் ஜோடி செய்வதறியாமல் நின்றார்கள். ஒட்னி தன் காரைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்திவிட்டு இறங்கினாள். பின்பெட்டியிலிருந்த மீன்பிடிக் கயிற்றால் அந்தக் கதவை இழுத்துக் கட்டினாள். இங்வி படகில் போடும் முடிச்சு. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, சுற்றிலும் கை நீட்டி, எவ்வளவு அழகு என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். ஒட்னி தலையாட்டினாள். அவள் பல்லிடுக்கெல்லாம் மணல்.

மணல் முடிந்ததும் எரிமலைக் குழம்பு உறைந்த வெளி. பச்சைப் பாசி கம்பளிபோல மூடி, கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. எங்கள் தீவில் எரிமலைக் குழம்பு என்றால் அது யார் வீட்டின்மேல் எத்தனை மீட்டர் என்று சொல்லிக்கொள்வோம். எழுபத்து மூன்றில் மலை வெடித்தபோது ஒட்னிக்கு மூன்று வயது. போர்வையில் சுற்றிப் படகுக்குத் தூக்கிப்போனார்கள். அவள் அப்பா கட்டிய வீட்டின்மேல் இப்போது முப்பது மீட்டர் கல் இருக்கிறது. அதனால் அவளுக்கு இங்கே முதலில் தோன்றியது அந்தக் கேள்விதான். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கல்லாவில் இருந்த ஆளிடம் கேட்டாள்.

“இதுக்கு அடியில எத்தனை வீடு இருக்கு?”

“பண்ணைங்க இருந்துது. இருநூத்தி நாப்பது வருஷமாச்சு. யார் கண்டா?”

“யாராவது எழுதி வச்சிருப்பாங்க.”

“எழுதி வச்சிருக்காங்க. யாரும் கேக்கறதில்ல. எல்லாரும் டாய்லெட் எங்கன்னுதான் கேப்பாங்க.” அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீ வெஸ்ட்மன் தீவா?”

“ஆமா.”

“அதான பார்த்தேன்,” என்று சொல்லிக் காப்பிக்குக் காசு வேண்டாம் என்றார்.

அதைத் தாண்டிய பெரிய மணல்வெளியில் ரோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. இடது பக்கம் பனிமலை, வலது பக்கம் எங்கேயோ கடல். வண்டி நாலாவது கியரில் அலறிக்கொண்டிருந்தது. ஒட்னி கிளட்ச்சை முழுசாக மிதித்து வலது பக்கம் மேலே தள்ளினாள். அலறல் நின்றது. எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்தாள். பிறகுதான் புரிந்தது, வண்டி இப்போதுதான் நிம்மதியாக ஓடுகிறது.

அன்று இரவு ஹோஃப்ன் என்ற ஊரில் ஒரு விடுதியில் தங்கினாள். மறுநாள் சனிக்கிழமை கிழக்கு விரிகுடாக்கள். ஒரு பக்கம் சரளைக்கல் உதிரும் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் நேர் கீழே கடல், நடுவில் மூடுபனி. விரிகுடாவின் எதிர்க்கரையில் ரோடு கை நீட்டினால் தொடுகிற மாதிரி தெரியும். உள்ளே போய் வளைந்து வெளியே வந்து அதைத் தொடுவதற்குள் அரைமணி ஓடிவிடும். அப்படி ஒன்று முடிந்தால் அடுத்தது. ஒட்னி இதில் சலித்துக்கொள்ளவில்லை. ஒரே மாதிரி மீன் ஆயிரம் பார்த்தவள்.

மூன்றாவது விரிகுடாவில் யோரூன் போனில் கூப்பிட்டாள்.

“எங்க வந்திருக்க?”

“கிழக்க.”

“கிழக்கன்னா? பாதி நாடு கிழக்கதான் இருக்கு. ஒட்னி, நான் ஒண்ணும் தப்பா சொல்லல. முடியலன்னா இப்பவே சொல்லிடு. என் தேசிய உடையை இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருக்கேன்.”

“நல்லது. போட்டுக்கிட்டு முதல் வரிசையில உட்காரு. உனக்கு எடுப்பா இருக்கும்.”

“அஞ்சு பேரப்பிள்ளைங்களை ஏந்தின கை இது.”

“அப்ப ஒரு தடவை ஓய்வு குடு அந்தக் கைக்கு.”

யோரூன் சிரித்தாளா, மூக்கைச் சிந்தினாளா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பிற்பகல் எகில்ஸ்டாடிர் என்ற ஊரைத் தாண்டியதும் மலைப்பாதையில் தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது. மேற்கிலிருந்த புயல் நகர்ந்து வந்து மேலே பனி கொட்டுகிறது, காலை ஏழு மணிக்குப் பார்க்கலாம் என்றார்கள். ஒட்னி அந்த ஊருக்கே திரும்பி இரவைக் கழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் மறுபடி தடுப்புக்கு முன்னால் முதல் ஆளாக வந்து நின்றாள். ஏழே காலுக்குப் பனி தள்ளும் வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து அவள் டயரைக் காலால் தட்டினார். ஒரு கண்ணில் தூக்கம் கலையாத, தடித்த ஆள்.

“கோடை டயர்.”

“மே மாசம்.”

“அதை மலைகிட்ட சொல்லு.” கொஞ்சம் யோசித்தார். “எங்க போகணும்?”

“ஹ்வம்முர் சர்ச். ரெண்டு மணிக்கு ஒரு பிள்ளையை ஏந்தணும்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “நான் முன்னால போறேன். என் பின்விளக்கு கண்ணுல இருந்து மறையக் கூடாது. ஆனா முதுகுல ஏறிடாத. பிரேக்கைத் தொடாத. கியர்லயே குறை.”

மலைமேல் வானமும் தரையும் ஒரே வெள்ளையாக இருந்தன. நடுவில் இரண்டு சிவப்பு விளக்கு. வேகம் ஐம்பது, மூன்றாவது கியர். ஒட்னிக்கு அந்த வேகம் நன்றாகத் தெரியும். முப்பத்தாறு வருடம் அந்த வேகத்தில்தான் ஓட்டியிருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் அந்த விளக்குகளை விட்டு அவள் கண் எடுக்கவில்லை. பனி விட்டதும் முன்வண்டி ஒதுங்கி வழிவிட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, போ என்று அசைத்தார்.

அதற்கப்புறம் மீவட்ன் ஏரி. தரையிலிருந்து ஆவி கிளம்பிக் கந்தகம் மணத்தது. பேருந்துகள் நின்று சனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒட்னி நிற்கவில்லை. பன்னிரண்டேகாலுக்கு அக்குரேரிக்கு வந்து ஸ்வலாவைக் கூப்பிட்டாள்.

“வந்துட்டியா,” என்றாள் ஸ்வலா. பின்னால் பாத்திரச் சத்தமும் பிள்ளை சத்தமும் கேட்டன. “இன்னும் முக்கால் மணிதான். கடற்கரை ரோட்டுலயே வா. மீன்பிடி கிராமம் ஒண்ணு வரும். அங்க நிக்காத. அப்படியே பன்னெண்டு கிலோமீட்டர் ஃப்ராம் வந்தா வெள்ளைச் சர்ச், சிவப்புக் கூரை. இரு, கேக்கை யாரோ...” இணைப்பு போய்விட்டது.

மீன்பிடி கிராமம் வந்தது. ஒட்னி நிற்கவில்லை. ஃப்ராம் என்றால் முன்னே. எங்கள் தீவில் முன்னே என்றால் கடல் இருக்கும் பக்கம். படகு முன்னே போகிறது, துறைமுகத்துக்கு முன்னே அலை அதிகம் என்போம். வேறு அர்த்தம் ஒன்று இருக்கக்கூடும் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. அவள் கடல் பக்கமே போனாள். ரோடு பாறைமேல் ஏறியது. கீழே கடல் நுரைத்தது. பிறகு மலையைக் குடைந்த ஒற்றைப் பாதைச் சுரங்கம். உள்ளே இருட்டில் தண்ணீர் சொட்டியது. ஒதுங்குமிடங்களில் ஒதுங்கி ஒதுங்கி எதிர்வண்டிகளுக்கு வழிவிட்டு மறுபக்கம் வந்தால் இன்னொரு விரிகுடா, இன்னொரு ஊர். பதினெட்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது. அந்த ஊர் சர்ச்சின் கூரை பச்சையாக இருந்தது.

துறைமுகத்தில் கரையேற்றிய படகுக்கு ஒருவர் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஹ்வம்முர் சர்ச் எங்க?”

“இங்க இல்ல.”

“ஃப்ராம் வரச் சொன்னாங்க.”

“ஃப்ராம்தான்.” அவர் தூரிகையை அவள் வந்த திசைக்கே நீட்டினார். “அந்தக் கிராமத்துலருந்து பள்ளத்தாக்குக்கு உள்ள.”

“உள்ளன்னா உள்ளன்னு சொல்றதுக்கென்ன?”

“நாங்க அதைத்தான் ஃப்ராம்னு சொல்லுவோம். நீ எங்கருந்து வர்ற?”

“வெஸ்ட்மன் தீவு.”

“ஓ.” அவர் தூரிகையை டப்பாவில் வைத்தார். “போன வருஷம் தெற்குலேருந்து ஒரு மாப்பிள்ளை இப்படித்தான் இங்க வந்து நின்னான். கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு.”

“கல்யாணம் நடந்துதா?”

“நடந்துது. அவன் இல்லாம நடத்த முடியாதே.”

ஒட்னி இல்லாமல் இங்கே நடத்த முடியும். மணி ஒன்று இருபத்தைந்து. அவள் காரைத் திருப்பினாள். சுரங்கத்தின் வாய்க்குள் போகுமுன் ஸ்வலாவைக் கூப்பிட்டாள். எடுத்தது யோரூன்.

“அவ பிள்ளைக்குச் சட்டை போடறா. நீ எங்க இருக்க?”

“கடல்கிட்ட.”

“ஃப்ராம் போயிட்டியா.”

“போயிட்டேன்.”

“உங்க ஃப்ராமா?”

“எங்க ஃப்ராம்.”

யோரூன் இந்தத் தடவை நிச்சயமாகச் சிரித்தாள். “சுரங்கத்துல ஞாயித்துக்கிழமைக் கூட்டம் இருக்கும். ஒதுங்க இடம் பார்த்து ஒதுங்கு. அவசரப்படாத.”

“ரெண்டு மணிக்கு வந்துடுவேன். இல்லன்னா கொஞ்சம் பின்னால.”

“பாதிரியாருக்கு மூணரைக்கு வேற ஊர்ல பூசை இருக்கு,” என்று சொல்லி யோரூன் வைத்துவிட்டாள்.

அவசரப்படாதே என்று அவள் சொன்னதை ஒட்னி எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் சுரங்கத்துக்குள் நுழைந்தாள். நடுவில் ஒரு லாரி, அதன் பின்னால் ஒன்பது கார். எல்லாம் போகும்வரை ஒதுங்குமிடத்தில் நின்றாள். இஸ்திரி போட்டு மாட்டியிருக்கும் உடுப்பு அவள் கண்முன் வந்தது. ஒன்பதாவது கார் போனதும் வண்டியை எடுத்தாள். கிராமத்தில் வலது பக்கம் திரும்பிப் பள்ளத்தாக்குக்குள் நேர் ரோட்டில் ஐந்தாவது கியர். பனி உருகிய வயல்களில் குதிரைகள் தலைதூக்கிப் பார்த்தன.

சிவப்புக் கூரை தெரிந்தபோது மணி இரண்டு பதினொன்று. வெளியே இருபது கார்கள் நின்றன. சர்ச் வாசலில், காற்றுக்கு முதுகு காட்டி, கறுப்பு உடையும் வெள்ளிப் பித்தான்களுமாக யோரூன் நின்றிருந்தாள். அவள் கையில் பிள்ளை. நீளமான வெள்ளைச் சட்டை காற்றில் பறந்தது.

ஒட்னி இறங்கினாள். கால் மரத்திருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

“ஆரம்பிக்கல,” என்றாள் யோரூன். “பிள்ளை அழறா, அழற பிள்ளைமேல தண்ணி ஊத்த விட மாட்டேன், அமைதியானதும் கூட்டிட்டு வரேன்னு பாதிரியார்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

ஒட்னி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

“அழலையே.”

“அது அவருக்குத் தெரியாதே. கையைத் தேய்ச்சு சூடு பண்ணு. ஏன் விரலெல்லாம் இப்படி வளைஞ்சு கிடக்கு?”

“ஸ்டியரிங்.”

“விரலை விரி. இந்தா. தலையைப் பிடி. ஆயிரம் கிலோமீட்டர் வந்து வாசப்படியில தடுக்கி விழுந்துடாத.”

உள்ளே ஆர்மோனியம் தொடங்கியது. ஒட்னி பிள்ளையோடு நடந்து போய் ஞானஸ்நானத் தொட்டியின் பக்கத்தில் நின்றாள். ஸ்வலா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக் காதில் பெயரைச் சொன்னாள். ஆர்மோனியம் உச்சத்தில் இருந்தது. ஒட்னியின் காதில் கடைசிப் பாதிதான் விழுந்தது. ரூன்.

குத்ரூன், சிக்ரூன், ஹெய்த்ரூன் என்று எங்களிடம் எத்தனையோ இருக்கின்றன. யோரூனும் இருக்கிறது. முதல் வரிசையில் யோரூன் வந்து உட்கார்ந்து முன்னால் சாய்ந்திருந்தாள். ஆர்மோனியம் நின்றது. பாதிரியார் ஒட்னியைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?”

அன்றைக்கு ஒரு சொல்லைத் தனக்குத் தெரிந்தபடி எடுத்துக்கொண்டு முப்பத்தாறு கிலோமீட்டர் வீணாக ஓட்டியிருந்தாள். இது ரோடு இல்லை, திருப்பிக்கொண்டு வர முடியாது.

“ஒரு நிமிஷம் இரு,” என்றாள் பாதிரியாரிடம். ஸ்வலாவின் பக்கம் திரும்பினாள். “எனக்கு முழுசா கேக்கல. மறுபடி சொல்லு.”

சர்ச்சில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் கோல்பெய்னின் மாமா பலமாக இருமினார். ஸ்வலா முகம் சிவந்து மறுபடி காதருகே வந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஒட்னி, “முதல் பாதி இன்னொரு தடவை,” என்றாள். ஸ்வலா இன்னொரு தடவை சொன்னாள். அதற்கப்புறம்தான் ஒட்னி நிமிர்ந்தாள்.

“எய்ரூன்,” என்றாள். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய குரல். கதவோரம் நின்றவர்களுக்கும் கேட்டது.

எய் என்றால் எங்கள் மொழியில் தீவு. தண்ணீர் பட்டதும் பிள்ளை கண்ணைத் திறந்து ஒட்னியைப் பார்த்தது, அழவில்லை.

பிறகு பண்ணை வீட்டில் கேக்கும் அப்பமும் ஆவி பறக்கும் சாக்லேட்டும். யோரூன் தட்டோடு வந்து ஒட்னியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முன்பாதி உங்க தீவு. பின்பாதி நான்.”

“பின்பாதி யாரோடதா வேணா இருக்கலாம்.”

“இல்ல. என்னோடது,” என்றாள் யோரூன். ஒட்னியின் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். “மேற்கு ரோடு காலையில திறந்துட்டாங்களாம். நாளைக்குப் பிளேனும் போகுதாம். காரைக் கோல்பெய்ன் அப்புறமா கொண்டுவந்து விடுவான்.”

ஒட்னி துண்டைத் தின்று முடித்தாள். விரல்கள் இன்னும் வளைந்தே இருந்தன. அவற்றை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாக நீட்டினாள்.

“கால்வாசி பாக்கி இருக்கு,” என்றாள். “மேற்கால ஓட்டிக்கிட்டுப் போறேன். எத்தனை பாலம் ஒத்தை வண்டிப் பாலம்னு மட்டும் சொல்லு.”